மூத்தவன் மாட்டிக்கொண்ட ஞாயிறு

என் மனைவியைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் அவள் கையைப் பற்றித்தான் சொல்வேன். திங்கள் முதல் வெள்ளி வரை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நரம்பு எங்கே என்றே தெரியாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். அழத் தயாராக வந்த குழந்தை அழ மறந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அதே கை, சனிக்கிழமை விடிந்தால் போதும், முழங்கை வரை கிரீஸ்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தன் சேமிப்பில் ஒரு பழைய எஸ்.யூ.வி. வாங்கினாள். எட்டுப் பேர் உட்காரலாம். ஏறுவதற்கு ஒரு கால் எம்ப வேண்டும். என் மகள் அதற்கு வைத்த பெயர் மூத்தவன். "நான் இந்த வீட்டுல ரெண்டாவது பிள்ளைதான்ப்பா. மூத்தவனுக்கு எண்ணெய் ஊத்தின பிறகுதான் எனக்குச் சோறு" என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் அடுக்ககத்துக் காவலாளிகூட, "மூத்தவர் இன்னிக்கு வெளியே கிளம்பறாரா?" என்றுதான் கேட்பார்.

எனக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. ஒளிப்பானேன், பொறாமைதான். சனிக்கிழமை முழுக்க அடுக்ககத்தின் அடித்தள வண்டி நிறுத்தத்தில் அதன் கீழே படுத்துக் கிடப்பாள். பிரேக், வடிகட்டி, புது விளக்கு என்று ஏதாவது ஒன்று. ஞாயிறு விடிந்தால் நண்பர்கள் கூட்டத்தோடு மலை, மணல், ஆறு என்று போய்விடுவாள். நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன். ஸ்பானர் கீழே விழும் சத்தத்துக்கே எனக்குத் தலை வலிக்கும். என் ஐம்பதாவது பிறந்தநாள் ஒரு சனிக்கிழமையில் வந்து தொலைத்தது. மத்தியானம் இரண்டரை மணிக்குக் கறுப்புக் கையோடு மேலே வந்து, "ஐயோ, மறந்தே போச்சுங்க" என்றாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கோபத்தில் அன்று சாயங்காலமே ஒரு காரியம் செய்தேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு தீர்மானத்தோடு வீடு வீடாக வந்தார். அடித்தளத்தில் வண்டி வேலை எதுவும் செய்யக்கூடாது, பெரிய வண்டிகளுக்கு அங்கே இடமும் கிடையாது என்பது தீர்மானம். ஏழு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டால்தான் கூட்டத்தில் எடுத்துக்கொள்ள முடியும். அவரிடம் ஆறு இருந்தது. ஏழாவதாக நான் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தீர்மான விஷயம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. யார் யார் கையெழுத்து என்பது கூட்டத்தில்தான் படிக்கப்படும். எங்கள் தெருவில் வண்டி நிறுத்தத் தடை. வேறு இடமும் இல்லை. "அது ஜெயிச்சா மூத்தவனை வித்துட வேண்டியதுதான்" என்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் கை ஓடவில்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் யோக்கியதை தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கூட்டம் ஒரு ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள், வண்டியைக் கழுவி விற்கத் தயார் செய்வாள் என்று பார்த்தால், இவள் வண்டிக் கூரையில் மாட்டுகிற புத்தம்புது இரும்புக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். "கடைசிப் பயணம்னாலும் ஜோரா போகட்டுமே!" மகளும் அவளும் சேர்ந்து அடித்தளத்திலேயே அதைப் பொருத்தினார்கள். நட்டுகள் குலுக்கலில் கழன்றுவிடக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் பிசின் தடவி முடுக்கினார்கள். அந்தப் பிசின் ஓர் இரவு காய்ந்துவிட்டால் தீ வைத்துச் சூடேற்றினால் தவிரக் கழலாதாம்.

உயரத்தை அளக்காமல் வாங்கவில்லை. வெளியே ஏறும் சரிவுப்பாதையின் உச்சியில் ஒரு கான்கிரீட் பீம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பே நாடா பிடித்து அளந்து, கேரியரோடு போனாலும் இரண்டு விரல் இடைவெளி இருக்கும் என்று எழுதி வைத்திருந்தாள். ஆனால் நடுவில் வந்த சனிக்கிழமை, ஆசை ஆசையாகப் பெரிய டயர் நான்கு மாற்றினாள் பாருங்கள், அதை அளவில் சேர்க்க மறந்துவிட்டாள். வண்டி வளர்ந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தத்தில் என்ன குறைகிறது என்று கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரியாமல் போயிற்று!

ஞாயிறு காலை ஆறரைக்கு மகள் போன் செய்தாள். "அப்பா, சீக்கிரம் கீழ வாங்க. மூத்தவன் மாட்டிக்கிட்டான்."

போய்ப் பார்த்தால், சரிவின் உச்சியில், பீமுக்குக் கீழே, கேரியரின் நடுக்கம்பி நன்றாகக் கவ்விக்கொண்டிருந்தது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. பின்னால் நாலைந்து கார்கள். ஒருவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. செயலாளர் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்து, சரிவைப் பார்த்து, என்னைப் பார்த்து, "பார்த்தீங்களா சார்? இதுக்குத்தான்!" என்றார். என் மனைவியின் எதிரில் அவர் அப்படி என்னைப் பார்த்ததும் டயரைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன். மாலையில் இருபது வீடும் ஒன்றாகக் கை தூக்கப்போகிறது, தீர்ந்தது கதை என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை.

அவளோ பதறவே இல்லை. குனிந்து நான்கு டயரிலும் காற்றைப் பாதி இறக்கினாள். வண்டி புஸ்ஸென்று கொஞ்சம் தாழ்ந்தது. போதவில்லை. காவலாளி சரிவில் மல்லாந்து படுத்து இடைவெளியைப் பார்த்து, "இன்னும் அரை விரல் இறங்கணும்மா" என்றார்.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு முகம் பளிச்சென்று ஆனது. ஹாரன் அடித்தவர்களைப் பார்த்துக் கூப்பிட்டாள். "எல்லாரும் இறங்கி வாங்க. எனக்கு எடை வேணும். எட்டுப் பேர் ஏறினா ஸ்பிரிங் அமுங்கும், வண்டி இறங்கிடும்."

ஹாரன் நின்றது. நாலாம் மாடிப் பல் டாக்டர்தான் முதலில் காரை விட்டு இறங்கினார். "நான் தொண்ணூத்தெட்டு கிலோ. வாழ்க்கையிலயே இப்பதான் அதுக்கு ஒருத்தங்க சந்தோஷப்படறாங்க" என்று சொல்லிப் பின்கதவில் ஏறினார். அவர் மனைவி ஏறினார். இரண்டாம் மாடி விளையாட்டு ஆசிரியையும் அவர் கணவரும் ஏறினார்கள். மகளும் நானும் ஏறினோம். ஒல்லிக்குச்சியான காவலாளி தானும் வரட்டுமா என்றார். "நீங்க ஏறினா வண்டி இன்னும் மேலதான் போகும். படுத்துக்கிட்டு அளவு சொல்லுங்க" என்றாள் என் மனைவி. இன்னும் ஓர் இடம் காலி. எல்லாரும் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நூற்றுப் பன்னிரண்டு கிலோ, கூட்டிச் சொல்லவில்லை.

"இந்த வண்டியை எதிர்த்துத்தாங்க நான் தீர்மானமே போட்டிருக்கேன்!"

"சாயங்காலம் போடுங்க சார். இப்ப ஏறுங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். அவர் உட்கார்ந்ததும் வண்டி முனகியது. "ஒரு நூல்தான் இடிக்குது!" என்று காவலாளி கத்தினார். "யாரும் மூச்சு விடாதீங்க" என்றார் டாக்டரின் மனைவி. "மூச்சை இழுத்துப் பிடிச்சா எடை கூடுமா என்ன?" என்றார் டாக்டர். என் மனைவி கால்விரலால் பெடலைத் தொடுவது போல் தொட்டாள். மேலே கிர்ர்ரென்று ஒரு கீறல் சத்தம். எல்லாரும் தன்னாலே குனிந்தோம், நாங்கள் குனிந்தால் கேரியர் குனியும் என்பது போல. ஓர் அடி. இன்னும் ஓர் அடி. சட்டென்று கண்ணைக் கூசும் வெயில்!

"வந்தாச்சு!" என்று கத்தினது யார் என்று பார்த்தால், செயலாளர்.

இறங்கப் போனவர்களைப் பார்த்து அவள் மெதுவாகச் சொன்னாள். "சாயங்காலம் உள்ள போறதுக்கும் இதே எடை வேணுமே."

"அப்ப நான் நாள் பூரா வாசல்ல நிக்கறதா?" என்றார் செயலாளர்.

"எதுக்கு நிக்கணும்? உக்காந்தே வாங்க. அஞ்சு மணிக்குள்ள கொண்டுவந்து விட்டுடறேன்."

யாரும் இறங்கவில்லை. சரிவில் நின்ற கார்களை ஓரம் கட்டச் சொல்லிச் சாவிகளைக் காவலாளியிடம் கொடுத்தார்கள். ஆசிரியை மட்டும் செருப்பு மாற்றிக்கொண்டு வர இரண்டு நிமிஷம் கேட்டார்.

ஊரைத் தாண்டி, பெட்ரோல் நிலையத்தில் அவளுடைய நண்பர்களின் நான்கு வண்டிகள் காத்திருந்தன. அங்கேயே டயர்களுக்குக் காற்றை நிரப்பிக்கொண்டாள். எல்லாரும் "அக்கா, அக்கா" என்று சூழ்ந்துகொண்டார்கள். முதல் வண்டி எப்போதும் அவளுடையதுதானாம். எனக்கு இதுவே புதுச் செய்தி. தார்ச்சாலை முடிந்து கல்பாதை வந்தது. பின்சீட்டில் இருந்தவர்கள் ஒவ்வொரு குழிக்கும் "ஐயோ" என்பதும் உடனே சிரிப்பதுமாக வந்தார்கள். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினாள். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, ஒரு கம்பை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தாள். இங்கே குத்தினாள், அங்கே குத்தினாள். நரம்பு தேடும்போது அவள் முகம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கரை வரை போய்த் திரும்பி வந்து, ஈரக் காலோடு ஏறிக் கியரை மாற்றினாள்.

தண்ணீர் கதவு வரை வந்தது. இரண்டு பக்கமும் அலை எழும்பியது. வண்டி ஒரு கல்லில் ஏறிச் சாய்ந்தபோது செயலாளர் என் தோளைப் பிடித்த பிடியில் தழும்பே விழுந்திருக்கும். நடு ஆற்றில் நானும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயமா என்றால் பயம்தான், ஆனால் அது முடியக்கூடாது என்றும் இருந்தது. அக்கரை ஏறியதும் செயலாளர் சொன்னார், "இன்னொரு தடவை போலாமா?"

போக வேண்டியதாகிவிட்டது. பின்னால் வந்த நண்பர்களில் ஒருவரான ரொட்டிக்கடைக்காரரின் வண்டி சேற்றில் புதைந்து நின்றது. அவள் மூத்தவனை மறுபடி தண்ணீரில் இறக்கிப் பின்பக்கமாக ஓட்டிப் போனாள். இழுக்கும் பட்டையை என் கையில் திணித்து, "அவங்க வண்டி முன்னாடி கொக்கி இருக்கும், மாட்டுங்க. மாட்டிட்டுத் தள்ளி நில்லுங்க" என்றாள். இடுப்பளவுத் தண்ணீரில் தட்டுத்தடுமாறிக் கொக்கியை மாட்டினேன். பட்டை விறைத்தது. சக்கரம் சேற்றை வாரி என் முகத்தில் அடித்தது. புதைந்த வண்டி அசைந்து, வழுக்கி, வெளியே வந்தது. நூலகத்தில் இருமினால்கூட முறைக்கிற நான், ஆற்றில் நின்று கையைத் தூக்கிக் கூச்சல் போட்டேன். அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. அதைப் பார்த்த அடுத்த நொடியே அந்தக் கையெழுத்து நினைவுக்கு வந்து, எனக்கு வெட்கமாகப் போயிற்று.

நாலே முக்காலுக்குச் சரிவுப்பாதைக்கு வந்தோம். மறுபடி காற்றை இறக்கி, மறுபடி எல்லாரும் அமுங்கி உட்கார்ந்து, கீறல் இல்லாமல் உள்ளே போய்விட்டோம். சேறு காயாத காலோடு அப்படியே கூட்ட அறைக்குப் போனோம். சங்கத்தார் எல்லாரும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

செயலாளர் நேர்மையான மனிதர். ஆற்றைக் கடந்தது வேறு, சங்க விதி வேறு. தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானத்தைப் படித்தார். "ஆதரித்துக் கையெழுத்திட்ட வீடுகள்" என்று சொல்லி, எண்களைப் படிக்க ஆரம்பித்தார். என் மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தன் விரல் இடுக்கில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஆறாவது எண்ணைப் படித்ததும் நான் எழுந்துவிட்டேன். கால் தானாக எழுந்தது, நான் எழுந்ததாகச் சொல்ல முடியாது.

"ஏழாவது நான்தான். அந்தக் கையெழுத்தை அடிச்சிடுங்க."

செயலாளர் காகிதத்தைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார், ஒரு கோடு போட்டார். "ஆறு கையெழுத்துதான் இருக்கு. விதிப்படி தீர்மானத்தை எடுத்துக்க முடியாது" என்றார். டாக்டர் கை தட்டப்போய், என் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் போட்டீங்க?"

இருபது வீட்டுக்காரர்களின் முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று. "வாரம் பூரா வேலை. இருக்கிற ரெண்டு நாளும் அந்த வண்டிக்கே போயிடுது. எனக்குன்னு நீ இல்லியே."

"ஆறு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமையாவது உங்களை எழுப்பாம நான் கிளம்பியிருக்கேனா?" என்றாள். "இன்னிக்குக் காலையிலயும் எழுப்பினேன். 'வர்றீங்களா'ன்னு கேட்டேன். நீங்கதான் போர்வையை இழுத்து மூடிக்கிட்டீங்க."

உண்மை. முந்நூறு ஞாயிறாவது இருக்கும். அவள் கேட்பதை ஒரு கேள்வியாகவே நான் எடுத்துக்கொண்டதில்லை. அலாரம் அடித்து ஓய்வது போல அதுவும் ஓயும் என்று திரும்பிப் படுத்திருக்கிறேன். "தப்புதான்" என்றேன்.

அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கன்னத்தில் சேறு ஒட்டியது. கதவு வரை போய்த் திரும்பினாள்.

"டயருக்கெல்லாம் காத்து அடிக்கணும். வர்றீங்களா?"

போனேன். அவளுடைய சின்னப் பம்பில் ஒரு டயர் நிரம்ப எட்டு நிமிஷம் ஆகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.