பன்னிரண்டு மலைக் கடிகாரங்களும் என் வாயும்

கடிகாரக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மணி கேட்கத்தான் வருகிறார்கள். கடை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் முக்கால்வாசிப் பேர். எந்தக் கடையிலாவது நின்று காலம் தள்ளியவர்களுக்கு இந்த வலி தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பி.ஏ. தமிழ் படித்தவள். கணவர் போன பிறகு, நாற்பத்திரண்டு வயதில், திண்டுக்கல்லில் இந்தக் கடைக்கு விற்பனை வேலைக்கு வந்தேன். இப்போது அறுபத்தேழு. முதலாளி ராஜாங்கம் என்னை டீச்சரம்மா என்பார். நான் ஒருநாளும் டீச்சராக இருந்ததில்லை. ஆளில்லாத நேரத்தில் புத்தகம் படிப்பதற்குக் கிடைத்த பட்டம் அது. பேட்டரி மாற்றுகிற லூர்துக்கு நான் யக்கா.

சனி, ஞாயிறுகளில் சிறுமலைக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, மலையேறுகிறவர்களுக்கான கடிகாரம் ஒரு டஜன் எடுக்கலாமே என்று போன வருஷம் சொன்னேன். உயரம், திசை, காலடிக் கணக்கு, புயல் எச்சரிக்கை என்று என்னென்னவோ காட்டுகிற வகைகள். முதலாளி எடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "தைப்பூசத்துக்குள்ள பன்னெண்டும் போயிரணும். ஒண்ணு நின்னாலும், அப்புறம் சரக்கு எடுக்கிற பேச்சுல நீங்க வாயே தொறக்கக் கூடாது, டீச்சரம்மா." இருபத்தைந்து வருஷத்தில் என் பேச்சைக் கேட்டு அவர் எடுத்த முதல் சரக்கு அது. அதுவே கடைசியும் ஆகிவிடலாம்.

ஐம்பது மீட்டர்

முதலில் வந்தவர் சித்தையன்கோட்டைப் பக்கத்துத் தோப்புக்காரர். அடிபட்டாலும் உடையாத கடிகாரம் வேண்டும் என்றார். எடுத்துக் காட்டினேன். பின்புறத்தில் 'ஐம்பது மீட்டர்' என்று எழுதியிருப்பது என்ன என்று கேட்டார். தண்ணீர் தாங்கும் அளவு என்றேன். அதற்காக அதைக் கட்டிக்கொண்டு ஐம்பது மீட்டர் ஆழத்துக்கு முங்கிவிட முடியாது, மழைக்கும் கொஞ்சம் நீச்சலுக்கும் தாங்கும், அவ்வளவுதான் என்று விளக்கினேன். படித்தவள் இல்லையா, விளக்காமல் விட முடியவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்க கெணத்துல அஞ்சு மீட்டருக்கே தண்ணி கெடையாது தாயி. மிச்ச நாப்பத்தஞ்சு மீட்டரையும் கழிச்சுட்டு ஒரு வெலையச் சொல்லு."

ராகு காலம்

செம்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வங்கியில் வேலை பார்க்கும் அவள் கணவர், வாரக் கடைசியானால் நண்பர்களோடு மலைக்குக் கிளம்பிவிடுகிறாராம். நிறுத்த முடியாத மனிதருக்குக் கடிகாரமாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று வந்திருந்தாள். காற்றழுத்தம் இறங்கினால் இது முன்கூட்டியே ஒலி கொடுக்கும் என்றேன். "அது கெடக்கட்டும், ராகு காலம் காட்டுமா?" என்றாள்.

காட்டாது. ஐந்து அலாரம்தான் இருந்தது; வாரத்துக்கு ஏழு ராகு காலம். கழுத்தில் சிலுவை தொங்கும் லூர்து குறுக்கே வந்து, "சார் மலைக்குப் போறது சனி, ஞாயிறுதானே? சனிக்கிழமை ஒம்பது, ஞாயித்துக்கிழமை நாலரை. ரெண்டு போதும்" என்று பஞ்சாங்கம் பார்க்காமலே வைத்துக் கொடுத்தான்.

திங்கட்கிழமை கணவரே வந்துவிட்டார். சனிக்கிழமை பாதி மலையில் ஒன்பது மணிக்கு அலாரம் அடித்திருக்கிறது. கூட வந்த மூன்று பேரும் என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம். அதற்குள் வெயில் ஏறிவிட, அப்படியே இறங்கி வந்துவிட்டார்கள். "ராகு காலத்துல கெளம்பக் கூடாதுன்னா சரி. நடு மலையில அடிச்சா நான் என்னய்யா பண்றது?" என்றார் அவர். லூர்து கண்ணில் வைத்த பூதக்கண்ணாடியைக் கழற்றவில்லை. "இன்னும் மூணு அலாரம் சும்மாதான் கெடக்கு சார், எமகண்டத்தையும் வச்சுரட்டா?"

அடி

சின்னாளபட்டி நெசவாளர் ஒருவர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க ஆசை; அதற்கு முன்னால் தினமும் நடந்து பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். காலடி எண்ணுகிற கடிகாரம் வாங்கிப் போனார். பத்து நாள் கழித்து மனைவியோடு வந்து, ஜெயித்து வந்தவர் போல மணிக்கட்டை நீட்டினார். ஆயிரம் ஆயிரமாக எண்ணிக்கை. ஆனால் மனுஷர் தெருமுனைக்குக்கூடப் போகவில்லையாம்.

அவர் கடிகாரத்தைக் கட்டியது இடது கையில். தறியில் உட்கார்ந்து அந்தக் கை பலகையை இழுத்து அடிக்கிற ஒவ்வோர் அடியையும் கடிகாரம் ஒரு காலடியாக எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். எங்கோ கடல் தாண்டிச் செய்த கடிகாரத்துக்கு அது எப்படித் தெரிந்ததோ. "ஏழெட்டுச் சேலை முடியிறதுக்குள்ள பழனிக்குப் போயிட்டு, பாதித் தூரம் திரும்பியும் வந்துட்டேன்னு காட்டுதும்மா" என்றார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப பஞ்சாமிர்தம் எங்க?"

ஒசந்த ஊடு

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரிக்கு உயரம் காட்டுகிறதைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்தார். முகத்தில் கவலை. "ஏனுங்க, இத நம்பலாமுங்களா? நேத்து மத்தியானம் மழைங்க. சோறு உண்டுபோட்டுப் பாத்தா, எங்க ஊடு முப்பது மீட்டர் ஒசந்துபோச்சுங்க."

இது காற்றழுத்தத்தை வைத்து உயரத்தை ஊகிக்கிறது, மழைக்காற்றில் அழுத்தம் குறைந்தால் நாம் மேலே ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும், அதனால் மலையடிவாரத்தில் சரியான உயரத்தை வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். படியிறங்கியவர் திரும்பி வந்து, தணிந்த குரலில் கேட்டார்: "பட்டாவுல பழைய ஒசரந்தானுங்க இருக்கு, சிக்கல் ஒண்ணும் வராதுங்களே?"

பன்னிரண்டாவது

இப்படியாகப் பதினொன்று போய்விட்டது. தைப்பூசத்துக்கு முதல் நாள் ஒன்றே ஒன்று பாக்கி. மாலையில் ஒரு பெண் வந்தார். காந்திகிராமத்தில் தாவரவியல் பேராசிரியை, காலணியில் செம்மண். கடிகாரத்தைக் கையில் வாங்கியவர் விலை கேட்கவில்லை. தெருவுக்குப் போய் வெயிலில் எழுத்து தெரிகிறதா என்று பார்த்தார். லூர்துவின் தண்ணீர் பாட்டிலில் விரலை நனைத்துக்கொண்டு பொத்தான்களை அழுத்தினார். முழுக்கைச் சட்டைக்கு மேலே கட்டினால் வார் எட்டுகிறதா என்று பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மலைக்கான கடிகாரத்தை மலைக்காகவே பார்க்கிற ஒருத்தி, கடைசியில்.

"வழியைப் பதிவு பண்ண விட்டா சார்ஜ் எவ்வளவு நாள் நிக்கும்மா? நாங்க மூணு நாள் காட்டுல இருப்போம், கரண்ட் இருக்காது."

கல்லாவிலிருந்து முதலாளி என்னையே பார்த்தார். 'நிற்கும்' என்று ஒரு சொல் சொன்னால் பன்னிரண்டும் போயிற்று. "ஒரு நாள்தான். இது உங்களுக்கு ஆகாது" என்றேன். "நீங்க எந்த மலையில போட்டுப் பாத்தீங்க?" என்றார் அவர். எந்த மலையிலும் இல்லை, கடை வாசலிலிருந்து சிறுமலை தெரியும், அத்தோடு சரி என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் முதலாளி, நின்றுபோன பன்னிரண்டாவதை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, என்னைக் கேட்காமலே சாமி படம் போட்ட சுவர்க் கடிகாரங்களைக் கொண்டுவந்து அந்தத் தட்டில் அடுக்கினார்.

நான்காம் நாள் பேராசிரியை கடைக்குப் போன் செய்தார். தங்கள் குழுவில் எட்டுப் பேர். வாங்காதே என்று சொன்ன அந்த அம்மா எதைச் சொல்கிறாரோ, அதில் எட்டு வேண்டும் என்றார். முதலாளி உடனே மதுரை மொத்த வியாபாரியைக் கூப்பிட்டார். எந்த மாடல் என்று அங்கே கேட்டிருக்க வேண்டும்; இவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு துணியை எடுத்து அலமாரிக் கண்ணாடியைத் துடைத்தேன். நிபந்தனை நிபந்தனைதானே. லூர்து இருமினான். இன்னொரு கண்ணாடியையும் துடைத்தேன். முதலாளி போனின் வாயைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்தார். "டீச்சரம்மா, வாயத் தொறங்க. ஆளு லைன்ல இருக்காரு."

இருபத்தைந்து வருஷம் பேசிப் பேசிச் சம்பாதிக்க முடியாத மரியாதையை, செத்த நேரம் வாயை மூடிக்கொண்டு சம்பாதித்தவள் நான்.