வெந்நீரில் குளித்த கால்

போன வாரம் ஒரு குழந்தையின் கால் நன்றாக வளைந்தது. சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டது தப்பாம்.

குழந்தை, எங்கள் மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லாவின் மகள் ஜெனி. ஆறு வயது. பிறக்கும்போதே செரிப்ரல் பால்ஸி என்கிற மூளை முடக்குவாதம். கெண்டைக்கால் இறுகி, குதிகால் தரையில் பதியாது. ஊசி போட்டால் தசை தளரும், அப்புறம் ஸ்பெஷல் ஷூ போட்டு நிற்கப் பழக்கலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். யாருக்கு ஊசி என்று முடிவு செய்யத் திருத்தணியில் கேம்ப். ஸ்டெல்லாவின் கணவர் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறார், லீவு கிடைக்கவில்லை. நான்தான் காரில் அழைத்துப் போனேன்.

தெரபிஸ்ட் ஜெனியின் பாதத்தை முதலில் மெதுவாக மேலே தள்ளினார். பிறகு வேகமாக. வேகமாகத் தள்ளும்போது எங்கே பிடிக்கிறது என்று பார்த்து மார்க் போடுவார்களாம். இறுக்கம் அதிகமானால் மார்க் அதிகம். நான் படித்த பள்ளிக்கூடத்தில் மார்க் இப்படி இருந்ததில்லை.

"லூசாத்தான் இருக்கு. இப்போதைக்கு ஊசி வேணாம்" என்றார்.

ஸ்டெல்லாவுக்குப் பெருமை. எனக்கும்தான்... வாசல் வரை. வெளியே மழைக்காற்று. ஜெனியின் பாதம் விறைத்து, செருப்பே நுழையவில்லை. குழம்பிப்போய் மறுபடி உள்ளே ஓடினோம்.

"காலைல என்ன பண்ணீங்க?"

"எண்ணெ தேய்ச்சி, வெந்நீர் ஊத்தி, நல்லா நீவி உட்டு தூக்கினு வந்தேங்க. ஆஸ்பத்திரிக்கு அப்டியேவா தூக்கினு வருவாங்க?"

"அதாங்க. சூட்டுல தசை கொஞ்ச நேரம் தளர்ந்துடும். அடுத்த வாரம் குளிப்பாட்டாம கூட்டினு வாங்க."

ஸ்டெல்லாவின் முகம் சுருங்கிவிட்டது. "குளிக்காத கொயந்தைய நாலு பேர் எதுர்ல எப்டிண்ணா காட்றது?" என்று வழியெல்லாம் புலம்பல். வெந்நீரில் வளைவதும் அதே கால், காற்றில் விறைப்பதும் அதே கால் — இதில் எந்தக் காலுக்கு மார்க்? இன்ஸ்பெக்‌ஷன் என்றால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பவர்கள் நாம். குறையைக் காட்டப் போகிற இடத்திலும் அதை மறைத்துத்தானே பழக்கம்?

நேற்று மறுபடி போனோம். ஜெனி குளிக்கவில்லை. ஆனால் பவுடரும் புது ரிப்பனும் இருந்தன. வேகமாகத் தள்ளியதும் பாதம் பாதியிலேயே நின்றுவிட்டது. மார்க் ஏறியது. ஊசி உறுதி.

"ஆங்... இறுகினுதான கீது?" என்று ஸ்டெல்லா சிரித்தாள். அடுத்த நொடி அழுதாள். வாழ்த்துவதா, ஆறுதல் சொல்வதா?

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை — அடுப்பில் வெந்நீர் வைத்ததுதான்.