அப்பா கடைசியாகக் கேட்ட தண்ணீர்

எங்கள் அப்பா ஆண்டவரின் இளைப்பாற்றிக்குள் சென்று ஓராண்டு நிறைகிறது. காங்கேயம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, ரயில்வே வேலைக்காகப் போத்தனூர் வந்தவர். பொறுமைசாலி, பக்திமான் என்று நம் தெருவில் எல்லோரும் சொல்கிறீர்கள். பிடிவாதக்காரர் என்பதை மகள் நான்தான் எழுத வேண்டும்.

ஆண்டுதோறும் திருவிழாவுக்குச் சொந்த ஊர் அந்தோணியார் கோயிலுக்கு நடந்தே போவார். அங்குள்ள புனிதக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கேனில் கொண்டுவந்து, தெருவில் வீட்டுக்கு ஒரு டம்ளர் கொடுப்பார். பாய் வீட்டுக்கும் உண்டு, கவுண்டர் வீட்டுக்கும் உண்டு. எங்கள் வீட்டுக்கு மட்டும் மிஞ்சாது. அம்மா காய்ச்சலில் கிடந்த ஆண்டும் அப்படித்தான்.

"நமக்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம் அம்மணி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சிறுவாணியெல்லாம் இதுக்குக் கிட்ட நிக்குமா?" என்று, எங்கள் குழாயில் வரும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீரை மட்டம்தட்டிப் பெருமை வேறு.

அந்தக் கேனின் மூடி விரிசல் விட்டது. பாலித்தீன் தாளை வைத்து இறுக்குவார்.

"புதுசு வாங்குங்கப்பா."

"இத்தன வருசம் ஒழுகாதது இப்பத்தான் ஒழுகிப்போடுமாக்கும்!"

அவர் இருந்த கடைசித் திருவிழாவின்போது அவருக்குக் கால் வீங்கிவிட்டது. அவருக்குப் பதிலாக நான் பேருந்தில் போனேன். சிங்காநல்லூரில் இறங்கும்போது பை முழுக்க ஈரம், கேன் காலி. வீட்டு வாசலில் அப்பா டம்ளர்களைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பின்பக்கமாகப் போய்ச் சமையலறைக் குழாயில் கேனை நிரப்பிவிட்டேன்.

நீங்கள் கண்ணில் ஒற்றிக் குடித்தது அதைத்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று அப்பா வாழ்நாளில் முதன்முறையாக, "நமக்கும் ஒரு பாட்டில் எடுத்து வெய்யி கண்ணு" என்றார். கடைசி வாரத்தில் கஞ்சி இறங்கவில்லை. அந்தப் பாட்டிலைத்தான் கேட்டார். கரண்டியால் ஊட்டினேன்.

"பாத்தியா கண்ணு, சிறுவாணியெல்லாம் இதுக்குக் கிட்ட நிக்குமா?"

அது சிறுவாணிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்மீதும் கோபம், என்மீது அதைவிடக் கோபம். ஓராண்டாகியும் ஆறவில்லை.

அப்பாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய பாய் வீட்டுப் பிள்ளைகளுக்கும், வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுத்த பங்குத்தந்தைக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட கவுண்டர் வீட்டு அக்காவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

புதுக் கேன் வாங்கிவிட்டேன். வரும் திருவிழாவுக்கு நடந்தே போகிறேன். எல்லா வீட்டுக்கும் கொண்டுவருவேன். ஆனால் முதல் டம்ளர் தெருவுக்கு இல்லை, அப்பாவின் கல்லறைக்கு. நமக்கு அடுத்த வருசம் என்று இனி அவர் சொல்ல முடியாது.