பால்கோவாக் கடையில் பாசி

1. வலை வழுக்கியது

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் மீன் தொட்டியிலிருந்து பாசி வலையை வெளியே இழுத்தேன். வழக்கமாக அதில் பச்சைப் பாசி ஈரக் கம்பளி போல அடர்ந்து நிற்கும். அன்று வந்தது வெறும் பிளாஸ்டிக் வலை. பாசியெல்லாம் கழன்று, வலை தொங்கும் பெட்டிக்கடியில் கிடந்தது. தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூலிங் டவரில் பாசி பிடிக்காமல் குளோரின் போட்டுக் கொல்வதே அங்கே என் வேலை. ஓய்வுக்குப் பின் அதே பாசியை வளர்த்துக் கொடுக்கிறேன். இதற்கு ஆல்கி ஸ்க்ரப்பர் என்று பெயர். சொரசொரப்பாகத் தேய்த்த வலை மேல் தொட்டித் தண்ணீர் மெல்லிய திரையாக வழிய வேண்டும். இரண்டு பக்கமும் எல்.இ.டி. வெளிச்சம். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவையும் நைட்ரேட்டையும் பாசி தின்று வளரும். வாரம் ஒருமுறை சுரண்டி எடுத்தால் அழுக்கும் அதோடு வெளியே போகும். சுரண்டும்போது அடிப்பாசியை விட்டுவைக்க வேண்டும், விளக்குப் பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். எல்லா விதிகளும் எனக்கு மனப்பாடம். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

2. வாசனை

டெஸ்ட் கிட்டில் அமோனியா ஏறியிருந்தது. பம்ப் ஓட்டம் சரி. விளக்கு சரி. தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி முகர்ந்தேன். பால் வாசனை. விரலில் பிசுபிசுப்பு. எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

“அண்ணாச்சி, தொட்டிக்குள்ள யாரோ பால்கோவா போடுதாங்க” என்றேன், கல்லாவில் இருந்த முதலாளியிடம். கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. கண்டுபிடிப்பை யாராவது தாழ்ந்த குரலில் சொல்வார்களா?

“மீனுக்கு இரை போடுதது நம்ம மாரியப்பன்தான். ஏலே மாரியப்பா!”

மாரியப்பன் ஐம்பதை நெருங்கியவர். பின்கட்டில் பால் கிண்டுகிறவர். துண்டில் கையைத் துடைத்தபடி வந்தார்.

“மொதலாளி, மீன் தீனி மட்டுந்தான் போடுதேன். கோவாவ எதுக்குப் போடப் போறேன்?”

“தண்ணி பொய் சொல்லாது மாரியப்பன்” என்றேன். இந்த வாக்கியம் எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது.

“கோவாத் தட்டுல எடை கொறையுதேன்னு அப்பமே நெனச்சேன்” என்றார் முதலாளி. மீனுக்குப் போட்டவர் என்பது ஒரு நொடியில் தட்டிலிருந்து எடுத்தவர் என்றாகிவிட்டது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாரியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

3. ஓட்டை

அடுத்த வாரமும் வலை வழுக்கியது. ஒரு மீன் செத்து மிதந்தது. மாரியப்பன் இல்லை, பால் வாசனை மட்டும் இருந்தது.

ஸ்க்ரப்பர் பெட்டியை நகர்த்திப் பின்சுவரைத் தடவினேன். விரல் நெய்யில் வைத்ததுபோல் வழுக்கியது. சுவரில் கையகல ஓட்டை. விளக்குச் சூடு வெளியேறக் காற்றோட்டம் வேண்டும் என்று, தை மாதத்தில், கொத்தனாரை வைத்து நானே போடச் சொன்ன ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் பால் அடுப்பு. தையில் ஆவி அடுப்படியின் பின் ஜன்னல் வழியாகப் போய்விட்டது. ஆனியில் மேற்கிலிருந்து மேல்காற்று தொடங்கியதும் அதே ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே வந்து, பால் ஆவியையெல்லாம் என் ஓட்டை வழியாகத் தொட்டி மேல் தள்ளியிருக்கிறது. நெய்ப் படலத்தில் பாசி எப்படிப் பிடிக்கும்?

முதலாளியிடம் சொன்னேன். இந்த முறை குரல் தானாகவே தாழ்ந்தது. அவர் காசு எண்ணுவதை நிறுத்தாமல், “அதுக்கென்ன சார், வரச் சொல்லிருவோம்” என்றார்.

4. எந்த இடத்தில், எந்தச் சத்தத்தில்

மாரியப்பன் கிருஷ்ணன்கோவிலில், பஸ் ஸ்டாப் எதிரே ஒரு டீக்கடையில் வேலைக்கு நின்றிருந்தார். எனக்கு டீ ஆற்றிக் கொடுத்தார். அதைக் குடிக்க முடியவில்லை.

“தப்பு என்னோடது மாரியப்பன். அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டேன். உங்களை வரச் சொன்னாரு.”

“எப்படிச் சொன்னீங்க சார்?”

“கல்லாகிட்டப் போய், மெதுவா.”

“என்னையச் சொன்னப்ப மெதுவாவா சொன்னீங்க?”

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.

“பிள்ளைக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். கோவா திருடுன மாரியப்பன் வீடான்னு அந்த வீட்டுலருந்து கேட்டு விட்டுருக்காக. மொதலாளி கூப்பிட்டா எனக்கு என்ன ஆவப்போவுது? சொன்ன எடத்துல நின்னு, சொன்ன சத்தத்துல சொல்லுங்க. பொறவு வாரேன்.”

ஆடிப்பூரத் தேரன்று போனேன். கடை வாசல் வரை கூட்டம். நான் சொல்லியனுப்பியிருந்தபடி மாரியப்பன் எதிர் நடைபாதையில் வந்து நின்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வென்டிலேஷனுக்காகச் சுவத்துல...” என்று தொடங்கினேன். விதி அறிந்தவனுக்கு மன்னிப்பும் விளக்கமாகத்தான் வருகிறது.

முதலாளி பதறினார். “சார், இன்னைக்கா? மீன் தண்ணி, கோவான்னு காதுல விழுந்தா எவன் வாங்குவான்? நாளைக்குப் பேசுவோம்!”

நாளைக்கு அங்கே கேட்க ஆளிருக்காது.

“மாரியப்பன் இங்கருந்து எதையும் எடுக்கல” என்று கத்தினேன். “மீனுக்கும் போடல. சுவத்துல ஓட்டை போடச் சொன்னது நான். அடுப்பு ஆவி அது வழியா வந்து தண்ணியக் கெடுத்துருக்கு. தெரியாம அவரு மேல பழி போட்டேன்.”

வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “எம்புட்டுப் படிச்சும் ஓட்டைய எங்க போடணும்னு தெரியல பாத்தீகளா” என்றார். கடை முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்த அம்மாள், “சார், செத்த தள்ளுங்க, அரைக் கிலோ வாங்கணும்” என்றார். காது கொதிக்க ஒதுங்கி நின்றேன். மாரியப்பன் படியேறி வந்து, என்னைப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போனார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று டெஸ்ட் கிட் காட்டும். அது யாரால் வந்தது என்று காட்டாது. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, முதலில் நீங்கள் போட்ட பைப்பையும் ஓட்டையையும் பாருங்கள்.

ஓட்டையை அடைத்தாயிற்று. பாசி நன்றாகப் பிடிக்கிறது. வாரா வாரம் சுரண்டப் போகிறேன். நான் தொட்டிப் பக்கம் போனதும் மாரியப்பன் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறார். நான் திரும்பி இறங்கும் வரை, எனக்குத் தெரியும்படி இரண்டு கைகளையும் மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.