மலைக்கு மேலே ஒரு தண்ணீர்ப்பந்தல்

கொல்லம் ஆண்டு 1105 மாசியில் எனக்கு வந்த அஞ்சல் கார்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. எழுதியவர் நாள் போடவில்லை. முத்திரையும் மசி அப்பிக் கிடக்கிறது. வாசகம் இது: "இங்கே மலைமேல் எங்கள் ஊரில் எழுத்து வெட்டின கல் உண்டு. சிவராத்திரிக்கு ஓடுகிறவர்கள் மலை ஏறி எங்கள் பந்தலில் பானகம் குடிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தாங்கள் வந்து வாசித்து எழுதித் தந்தால் சர்க்காருக்கு மனுப் போடுவேன்."

கல்லில் என்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்தவருக்கு நான் எதற்கு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். வட்டெழுத்து வாசிப்பவன் என்று என்னைப் பற்றி ஒரு வதந்தி இருந்தது. அதை மறுக்கும் அளவுக்கு நான் நேர்மையானவன் அல்லன்.

போகிற வழியில் புண்ணியமும் கிடைக்கட்டும் என்று ஓட்டக்காரர்களோடு சேர்ந்துகொண்டேன். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் உள்ள பன்னிரண்டு சிவன் கோயில்களையும் சிவராத்திரியை ஒட்டி ஒரே வீச்சில் கால்நடையாகச் சுற்றிவருவதுதான் சிவாலய ஓட்டம். வாயில் "கோவிந்தா, கோபாலா". சிவனைப் பார்க்கப் போகிறவர்கள் பெருமாளை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று ஐந்து பேரிடம் கேட்டு ஐந்து காரணங்களைக் குறித்துவைத்திருக்கிறேன். கையில் பனையோலை விசிறி. அது சுவாமிக்கு வீசுவதற்கு. மூன்றாம் கோயிலில் நான் எனக்கு வீசிக்கொண்டேன் என்று பக்கத்தில் நின்றவர் அடுத்த இரண்டு கோயில்வரை என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் கோயிலுக்கும் ஆறாம் கோயிலுக்கும் நடுவே அந்த மலை. ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். பழைய நடைபாதை மலைமேல் ஏறி அந்த ஊர் வழியாக இறங்கியது. மலையைச் சுற்றி வண்டிப்பாதை போட்ட பிறகு யாரும் ஏறுவதில்லை. நாங்கள் அடிவாரத்து ஓடையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, உச்சியில் ஒருவர் துவர்த்துத் துண்டை வீசி வீசிக் கூப்பிட்டார். கார்டு எழுதியவர் அவர்தான். எங்களில் ஒருவர் கீழேயிருந்தே கேட்டார்: "ஓய், சிவன் அங்கயா இருக்காரு? கோயிலு கீழயாக்கும்."

நான் மட்டும் ஏறினேன்; மற்றவர்கள் ஓடைக்கரையில் இளைப்பாறினார்கள். ஒன்பது வீடுகள், வற்றிப்போன ஒரு கிணறு, ஓலைப்பந்தல், நிறைந்த குடங்கள். குடிக்க ஆள் இல்லை. தகப்பன், பாட்டன் காலம்தொட்டு ஓட்டக்காரர்களுக்குப் பானகம் கொடுக்கும் உரிமை தன் குடும்பத்துடையது என்றும், அது தன்னோடு அற்றுப்போனால் ஊரில் தலைகாட்ட முடியாது என்றும் பந்தல்காரர் சொன்னார். அப்போதுதான் அவர் மனைவி தலையில் இன்னொரு குடத்தோடு மேலே வந்து சேர்ந்தார். நான் சற்றுமுன் முகம் கழுவிய அதே ஓடைத் தண்ணீர்.

கல் ஊர் நுழைவில் படியாகக் கிடந்தது. சுண்ணாம்புப் பொடியைத் தேய்த்து, குப்புறப் படுத்து வாசித்தேன். எழுத்தின் வடிவத்தைப் பார்த்தால் அறுநூறு, எழுநூறு வருஷப் பழமை இருக்கலாம். ஓட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, பானகமும் இல்லை. மலையில் குடியிருப்பவர்கள் அடிவாரத்து வயலை அனுபவித்துக்கொண்டு, அதற்குப் பதிலாக மாசி மாதத்தில் மலையடியில் வழிப்போக்கருக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். இவ்வளவுதான்.

"கீழயா?" என்றார் அவர்.

கீழேதான் என்றேன். கீழே தெரிந்த வயலை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்போதும் அதை உழுதுவந்தது அவர்தான்.

"சாரே, இன்னொருக்க வாசியுங்க. பிசகியிருக்கும்."

மறுபடி வாசித்தேன். மூன்றாம் முறை, உண்மையைச் சொன்னால், அவருக்குச் சாதகமாகவே வாசிக்கப் பார்த்தேன். கல் சம்மதிக்கவில்லை. உள்ளபடியே காகிதத்தில் எழுதினேன்.

அந்த அம்மாள் குடத்தை இறக்காமலே கேட்டுக்கொண்டு நின்றார். "இருவத்தாறு வருசமா ஓடையில கோரி இங்க சொமக்கேன்," என்றார் கணவரிடம். "குடிக்கிறவன் ஓடைக்கரையிலயாக்கும் இருக்கான். நான் வாக்கப்பட்டு வந்த அன்னைக்கே ஒருத்தன் இந்தக் கல்ல வாசிச்சிருந்தா எனக்க கால்முட்டு தப்பிச்சிருக்கும்."

மனு வேண்டாம், எழுதினதைத் தாருங்கள் என்று பந்தல்காரர் கை நீட்டினார். காகிதத்தை அவர் மனைவி முதலில் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அதே குடத்தோடு, வந்த வழியே திரும்பி இறங்கினார். பந்தல்காரர் காலிப் பந்தலில் உட்கார்ந்தார். கீழேயிருந்து ஓட்டக்காரர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எழுந்து சர்க்கரைச் சட்டியை எடுத்துக்கொண்டு, "ஏட்டி, நில்லு. சுக்கு போடாம குடுத்துராத," என்று கத்தியபடி அவரும் இறங்கினார். பின்னாலேயே நானும் இறங்கினேன். பந்தல்காரர் கையால் வாங்கி நாங்கள் எல்லாரும் குடித்தோம். இனிப்பு கொஞ்சம் தூக்கல்.

அடுத்த வருஷம் அடிவாரத்து அயனி மரத்தடியில் பானகம் குடித்ததாக ஓட்டக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். பந்தல் பழையபடி உச்சியில்தான் இருக்கிறது, கல்லை மட்டும் யாரோ எழுத்து அடியில் போகும்படி புரட்டிவிட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டில் எது சரி என்று நான் போய்ப் பார்க்கவில்லை. குறிப்பேட்டில் இரண்டுக்கும் எதிரே "சரிபார்க்கவில்லை" என்றே இருக்கிறது.