எட்டு மைல் பதுளைச் சாலையில் ஒரு கிரகணம்

மேற்கு ஆஸ்திரேலியாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது. மறைந்த சூரியனைச் சுற்றித் தெரிந்த நட்சத்திரங்களைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்துவிட்டார்கள். கொழும்புக்கு வந்த தந்திச் செய்தி இதை உறுதி செய்கிறது. சூரியனுக்கு அருகில் வரும் ஒளி வளைகிறது என்று ஒரு ஜெர்மன் பேராசிரியர் சொன்னதை அந்தத் தகடுகளைக் கொண்டு மறுபடி சோதிப்பார்களாம். அளந்து முடிக்க மாதக்கணக்காகும் என்கிறார்கள்.

நான் அவ்வளவு தூரம் போகவில்லை. 1922 செப்டெம்பர் 21, வியாழக்கிழமை நடந்த அந்தக் கிரகணம் இலங்கையில் முழுதாக இல்லாவிட்டாலும் பெரும்பகுதி தெரியும் என்பதால், ஊவா மலைமுகடு ஒன்றிலிருந்து பார்த்துப் பத்திரிகைக்கு எழுதலாம் என்று கிளம்பினேன். தெமோதரைக்கு மூன்று மைல் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் பழைய நண்பர் டிஸ்பென்சராக இருக்கிறார். தோட்டத்து மருந்தெல்லாம் அவர் கையில்தான். செவ்வாய் மாலை ரயிலை விட்டு இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒன்றேகால் மணி நேர ஏற்றம். அட்டைக்கடி தனி.

புதன் காலை அவர் வீட்டு வாசலில் நின்று, தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசைவீடான லயத்தைப் பார்த்தேன். தோட்டம் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. கிழக்கே சுவர் போல மலை. ஆறு மணிக்கே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குக் கூடிப் பெயர் கொடுத்து, ஆட்கள் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்கள். வெயில் மட்டும் வரவில்லை. மலைக்கு மேலே சூரியன் வந்து லயத்துக் கூரையில் விழுந்தபோது என் கடிகாரத்தில் ஏழு பத்து.

அன்று சாயங்காலம் முத்துக்கறுப்பன் வந்தார்; ஒரு சிறு கூட்டம் ஆட்களுக்கு மேற்பார்வை பார்க்கும் சில்லறைக் கங்காணி. அவர் மருமகள் செல்லம்மாவுக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. கணவன் ரயில் பாதை வேலைக்குப் போய் மூன்று வாரம். அவளுக்குக் கால் வீங்கி, தலை வலித்து, கண் மங்கத் தொடங்கியிருந்தது. டிஸ்பென்சர் பார்த்துவிட்டு, கைகால் வெட்டி இழுப்பு வந்தால் தாயும் போவாள் பிள்ளையும் போகும், விடிந்ததும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியாகவேண்டும் என்றார்.

"நாளைக்கு கிரகணமுங்க," என்றார் முத்துக்கறுப்பன். "புள்ளத்தாச்சிய வெளிய கொண்டு போகக் கூடாது. பொறக்கிற புள்ளைக்கு உதடு பிளந்துரும்."

"எப்போது பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

அவரிடம் ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கம் இருந்தது. உதயத்திலிருந்து நாலரை நாழிகை என்று போட்டிருந்தது. "லயத்துக்கு வெயில் வந்து நாலரை நாழிகை. ஒம்பது மணி ஆயிரும். வெள்ளனா ஆறு மணிக்கு வண்டி கட்டினா, ஒம்பதுக்கு முன்ன ஆஸ்பத்திரிக்குள்ள போயிரலாம்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அன்றைய சூரிய உதயம் ஆறுக்குச் சற்று முன். நாழிகைக்கு இருபத்துநாலு நிமிஷம்; அதிலிருந்து நாலரை நாழிகை என்றால் ஏழே முக்கால். வானாய்வுக் கூடத்தார் கணக்கும் ஏறத்தாழ அதுதான். பூமி அசையாமல் நிற்கிறது, சூரியன் அதைச் சுற்றுகிறது என்று நினைத்த காலத்துப் பஞ்சாங்கக் கணக்கில் ஒரு தவறும் இல்லை. முத்துக்கறுப்பன் அதை மலைக்கு மேல் வெயில் ஏறும் நேரத்திலிருந்து எண்ணியதுதான் தவறு. எட்டு மைல் சாலையில் பாதி போகும்போதே கிரகணம் பிடித்துவிடும்.

டிஸ்பென்சருக்கும் அது தெரிந்தது. என்னை உள்ளே அழைத்து, "நீங்க வாயத் தொறக்காதீங்க. சொன்னா பத்தரை மணி வரைக்கும் அவளைப் பூட்டி வச்சிருவாங்க. அதுவரை தாங்குமான்னு எனக்குத் தெரியாது," என்றார். தோட்டத்தை விட்டு அவர் வர முடியாததால், ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்தை என் கையில் கொடுத்தார். முகட்டிலிருந்து பார்க்கும் எண்ணம் அதோடு போயிற்று. முப்பது வருடமாகத் தெரிந்ததைச் சொல்லிப் பிழைக்கிற நான், அன்று சொல்லாமல் இருக்க ஒப்புக்கொண்டேன். இரவு சரியாகத் தூங்கவில்லை.

வண்டி பதுளைக் கடைவீதியைச் சேர்ந்த காதர் நானாவுடையது. அரிசி மூட்டை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறவர். கூலி ஒன்றரை ரூபாய் பேசினோம். ஆறு ஐந்துக்குக் கிளம்பினோம். செல்லம்மா கீற்றுக் கூண்டுக்குள் படுத்திருந்தாள், மாமனார் அவள் தலைமாட்டில், நான் முன்னால்.

முதல் மைல் கடும் இறக்கம். மலையைச் சுற்றித் திரும்பியதும் ஆறே முக்காலுக்கே முகத்தில் வெயில் அடித்தது. "இங்கிட்டு வெயில் முன்னாடியே வந்துருது பாருங்க," என்றார் முத்துக்கறுப்பன். நான் கடிகாரத்தைப் பையில் போட்டேன். ஒரு நிமிஷத்தில் மறுபடி எடுத்தேன்.

"ஐயாவுக்கு எங்கயோ போக அவசரம்," என்று காதர் நானா சிரித்தார். "மாட்டுக்கும் ஒரு மணிக்கூடு வாங்கிக் குடுங்க, அதுவும் பாத்து நடக்கட்டும்."

பேச்சை மாற்ற, வந்த வேலையைச் சொன்னேன். முதலில் பூமியை நடுவில் வைத்தார்கள், பிறகு சூரியனை வைத்தார்கள், இப்போது சூரியனும் ஒரு மூலையில் கிடக்கும் நட்சத்திரம் என்கிறார்கள். சுருள் மேகம் போலத் தெரிபவை தனித்தனி உலகக் கூட்டங்களா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள் என்றேன்.

"எது எதைச் சுத்துனா என்னங்க," என்றார் முத்துக்கறுப்பன். "பெரட்டு ஆறு மணிக்குத்தான்."

எட்டு மணி இருக்கும். நாலாவது மைல் தாண்டியிருந்தோம். கூண்டுக் கீற்றின் ஓட்டைகள் வழியே செல்லம்மாவின் சேலையில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சிறு ஓட்டை வழியே விழும் ஒவ்வொரு பொட்டும் சூரியனின் உருவம்தான், வட்டமாக இருக்கவேண்டும். எல்லாம் ஒரு பக்கம் கடித்த தோசை போல இருந்தன. முதலில் கண்டது அவள்தான்.

"மாமா, இத பாருங்க. எனக்குத்தான் கண்ணு மங்கிருச்சா, இல்ல வெயிலே இப்படியா?"

அவர் குனிந்து பார்த்தார். உள்ளங்கையை நீட்டினார், கையிலும் அதே வடிவம். "நானா, நிறுத்துங்க."

வண்டி நின்றது. சாலையோரம் யாரோ கைவிட்ட ஒரு கொட்டகை இருந்தது. கிரகணம் விடும்வரை அவளை அதற்குள் வைக்கலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"நேற்று சாயங்காலம் நீங்கள் பஞ்சாங்கத்தைக் காட்டியதிலிருந்து."

அவர் சத்தம் போடவில்லை. "தொரைமாருதான் எங்களுக்கும் சேத்து அவங்களே நெனச்சுக்குவாங்க. நீங்களுமா?" என்றார்.

காதர் நானா கயிற்றைப் பிடித்தபடி, "தங்கச்சி என்ன சொல்லுது, அதையும் கேளுங்க கங்காணி," என்றார்.

செல்லம்மா முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். "புடிச்சிருச்சுல்ல மாமா. இனி நின்னா மட்டும் விட்டுருமா? எனக்கு உங்க மொகமே சரியாத் தெரியல. ஓட்டச் சொல்லுங்க."

முத்துக்கறுப்பன் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து அவள் வயிற்றின்மேல் இரண்டாக மடித்துப் போட்டார். கூண்டின் பின்பக்கத்தைத் தன் வேட்டித் துண்டால் மறைத்துக் கட்டினார். "ஓட்டுங்க," என்றார்.

ஒன்பது மணிக்கு வெளிச்சம் நிலா வெளிச்சம்போல வெளிறிப்போனது. தேயிலைச் சரிவு சாம்பல் நிறமானது. பேர்பெற்ற அந்தக் கிரகணத்தை நான் மாட்டின் முதுகில்தான் பார்த்தேன். ஒன்பது பத்துக்கு ஆஸ்பத்திரி. கடிதத்தைப் படித்த டாக்டர் அவளை உடனே படுக்கையில் சேர்த்து, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் தன்னால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றார்.

இந்த வழியாகப் போக நினைப்பவர்களுக்கு: தெமோதரைக்கு அப்பால் ரயில் பாதை வேலை நடக்கிறது, பதுளைக்கு வண்டிதான். மழைக்காலமானால் எட்டு மைலுக்கு நாலு மணி நேரம் வையுங்கள். கம்பளி கட்டாயம். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள். ஒரு மலைநாட்டுக்காரர் நேரம் சொன்னால், அது எந்த இடத்து வெயிலை வைத்து என்று கேளுங்கள். தவறு என்று தெரிந்தால் அங்கேயே சொல்லிவிட்டு, பிறகு வாதாடுங்கள். நான் வாதாடத் தயங்கித்தான் மௌனமானேன். செல்லம்மாவிடம் நேரே சொல்லியிருந்தால், ஆறு மணிக்கே இதே முடிவை அவள் எடுத்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் முத்துக்கறுப்பன் என்னிடம் சொன்னார்: "புள்ளைக்கு ஒரு கோளாறுன்னா லயத்துல இவளத்தான் பேசுவாங்க. நீங்க வந்து, கிரகண நேரம் தெரிஞ்சவன் நான்தான், இவளுக்குத் தெரியாதுன்னு சொல்லணும்."

"வருகிறேன்," என்றேன்.

"நல்லபடியாப் பொறந்தாலும் வரணும். அப்பவும் சொல்லணும்."

அக்டோபர் இரண்டாம் தேதியிட்ட டிஸ்பென்சரின் கடிதம் நேற்று வந்தது. வீக்கம் வடிந்திருக்கிறது, இழுப்பு வரவில்லை, பார்வை தெளிந்திருக்கிறது. பிரசவம் ஐப்பசி முதல் வாரம் என்று டாக்டர் கணித்திருக்கிறார். ஐப்பசி பிறக்கும் பதினேழாம் தேதியிலிருந்து விடுப்புக் கேட்டிருக்கிறேன்.