முன்சக்கரத்தில் தடவிய சொல்யூஷன்

பெட்டியிலிருந்து அந்த சைக்கிளை வெளியே எடுத்த காலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனிக்கு ஆறு மாத வேலையாக வந்த இத்தாலி டெக்னீஷியன், கூடவே கொண்டுவந்த மலைச் சைக்கிள் அது. முன்சக்கரத்தைப் பிடித்திருந்த ஃபோர்க்கில் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர். எங்கள் ஃபிட்டர் அண்ணன் ஹேண்டில்பாரில் இரண்டு கைகளையும் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கினார். புஸ்ஸென்று இறங்கி மெதுவாக எழுந்தது. "சைக்கிளுக்கு இன்னாத்துக்குப்பா இத்தினி சொகுசு!" என்று சிரித்தார். அன்று முழுக்க ஏதாவது சாக்கு வைத்து வந்து வந்து அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் ஜோலார்பேட்டையிலிருந்து தினமும் பாசஞ்சரில் வருவார். கம்பெனியில் எந்த மிஷின் நின்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். நான் கெமிக்கல் ஸ்டோரில் இருந்தேன். சோல் ஒட்டும் சொல்யூஷன், தின்னர், பாலிஷ் எல்லாம் என் பொறுப்பு. அந்த வருடம் ஒருவரைப் பயிற்சிக்கு இத்தாலி அனுப்பப்போவதாகப் பேச்சு. அது யார் என்பது டெக்னீஷியன் கையில். அதனால் அவர் இருமினால்கூடத் தண்ணீரோடு நிற்கும் ஆளாக நான் ஆகியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டெக்னீஷியன் ஏலகிரி மலைக்கு சைக்கிளில் போவார். வண்டியின் டயர் டியூப்லெஸ். உள்ளே டியூபுக்குப் பதிலாக ஏதோ வெள்ளைப் பால். முள் குத்தினால் அதுவே போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்றார். நம் ஊர் வேலிக்காத்தான் முள்ளுக்கு அந்தப் பால் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. முன்சக்கரம் ராத்திரிக்கு ராத்திரி இளைத்துப்போனது. பார்சலில் புதுப் பால் வருகிறது, அதுவரை டயரைத் தொடவேண்டாம் என்று என்னிடம்தான் சொன்னார். ஃபோர்க்கில் ஆயில் கசிவதை மட்டும் ஃபிட்டர் அண்ணன் பார்க்கட்டும் என்றார்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஃபிட்டர் அண்ணன் ஃபோர்க்கைக் கழற்றி ஆயில் மாற்றி மறுபடி மாட்டினார். கீழே உள்ள இரண்டாவது போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது, ஷூ அச்சில் தோலை இழுக்கும் மிஷின் நின்றுவிட்டதென்று உள்ளேயிருந்து கத்தினார்கள். அவர் "தோ வர்றேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இன்னும் இரண்டு சுற்று முறுக்கி, ஸ்பானரால் போல்ட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் ஓடினார். பக்கத்திலேயே நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான்.

நான் நின்றதற்கு வேறு காரணம் இருந்தது. அவர் போனதும் முன்சக்கரத்தைக் கழற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். ஷூக்காரனுக்கு ஒட்டுவதில் தெரிந்தது ஒரே முறைதான்: இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவு, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிடு, அழுத்து. சோலே ஆயுசுக்கும் பிரியாதபோது டயர் எங்கே பிரியும்? ரிம்மிலும் டயர் ஓரத்திலும் தாராளமாகத் தடவி ஒட்டி, காற்றடித்து, பழையபடி மாட்டி வைத்தேன். டயர் கல் மாதிரி இருந்தது. திங்கட்கிழமை சொல்லி நல்ல பெயர் வாங்கலாம் என்று பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

டயர் இறுக்கமாக இருப்பதைப் பார்த்து, பாலே அடைத்துக்கொண்டது என்று டெக்னீஷியன் நினைத்திருக்க வேண்டும். மறுநாள் மலைக்குப் போய்விட்டார். இறங்கும்போது ஒரு வளைவில் முன்சக்கரம் வாரிவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்து வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சர்ச்சிலிருந்து வெளியே வரும்போது எனக்குச் செய்தி வந்தது. பைபிளோடு நேராகக் கம்பெனிக்கு ஓடினேன்.

வண்டியை ஷெட்டில் போட்டிருந்தார்கள். ஃபோர்க் வளைந்து, டயர் ரிம்மை விட்டுத் தொங்கியது. பார்த்ததும் புரிந்துவிட்டது. ரிம்மின் உள்ளே காற்றை நிறுத்தும் டேப் ஒன்று உண்டு. என் சொல்யூஷன் அதைக் கூழாக இளக்கி, ஒரேயடியாகக் காற்று போயிருந்தது. நான் அடுத்துச் செய்ததை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. ஸ்டோரைத் திறந்து தின்னரும் பஞ்சும் எடுத்துவந்து, ரிம்மையும் டயரையும் சொல்யூஷன் தடமே இல்லாமல் துடைத்தேன். பஞ்சை மடித்து மடித்து, நிதானமாகவே துடைத்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை மேனேஜர், ஃபோர்க் வளைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஃபிட்டர் அண்ணனைக் கூப்பிட்டு, போல்ட்டைச் சரியாக முறுக்கினாயா என்று கேட்டார். முறுக்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவருக்குப் பொய் கலக்கத் தெரியாது. "முறுக்கிருப்பேன் சார். நடுவுல மிஷினுக்குக் கூப்டாங்க... சரியா ஞாபகம் இல்ல" என்றார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, நீ அங்கே இருந்தாயா என்றார். "நான் ஸ்டோர்ல இருந்தேன் சார்" என்றேன். அன்று சாயங்காலமே ஃபிட்டர் அண்ணனிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள்.

இத்தாலிக்கு யாருமே போகவில்லை. டெக்னீஷியன் கட்டோடு ஊர் திரும்பினார். நான் அதே ஸ்டோரில் மேலே வந்தேன். ஞாயிறுதோறும் சபையாரோடு சேர்ந்து பாவ அறிக்கை வாசித்தேன். எல்லோரும் சேர்ந்து வாசிக்கிற அறிக்கையில் ஒளிந்துகொள்வது சுலபமாக இருந்தது.

போன வருடம் வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "ஸ்டோர் தம்பியா? நல்லா கீறியாப்பா?" என்றார். ஃபிட்டர் அண்ணன்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. மண்டபத்துக்குப் பின்னாலேயே ஓர் அறையில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். ஏண்ணா வேறு கம்பெனிக்குப் போகவில்லை என்று கேட்டேன். "ஸ்பானரத் தொட்டா பயமா கீதுப்பா. ஒரு மனுசன் எலும்ப உடைச்சிட்டேனே" என்றார், சாதாரணமாக.

நான் சொல்லிவிட்டேன். சொல்யூஷன், தின்னர், மேனேஜரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் தலை நிமிராமல் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"போல்ட்டு?"

"முறுக்கினீங்கண்ணா. என் கண்ணால பாத்தேன். தட்டிக்கூடப் பாத்துட்டுத்தான் போனீங்க."

அவர் எழுந்தே விட்டார். "ஏம்மே, கேட்டியா! முறுக்கிக்கீறேன்மே! தம்பி பாத்துகீறாரு!" என்று மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. அதில் என்மேல் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லவே இல்லை.

அந்த அம்மா சிரிக்கவில்லை. என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னார்: "ராத்திரி அடுப்பு கேஸ அவரே மூடுவாரு தம்பி. மூடிட்டு, என்னைய எழுப்பி, நீ போய் ஒருவாட்டி பாருன்னுவாரு. மேனேஜர்கிட்ட நீங்க பொய் சொன்ன அந்த நாள்லருந்து தெனமும்."